கர்ணம் தப்பினால்

தமிழ் இலக்கியம் பயில வரும் முதலாண்டு மாணவரிடம் ஆண்டுதோறும் நாம் ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: ஏன் தமிழைத் தேர்ந்தீர்கள்? முதல் நாளில் வரும் விடைகள் அழகானவை. பாரதி பிடிக்கும் என்பார் ஒருவர். அரசுத் தேர்வுக்குத் தமிழ் கைகொடுக்கும் என்பார் மற்றொருவர். கூச்சம் தெளிந்து, கல்லூரி பழகி, மூன்றாம் வாரம் மரத்தடியில் தனியே பேசும்போதுதான் உண்மை வெளிவரும். "கணக்கு வராதுங்கய்யா. அதான் தமிழ் எடுத்தேன்."

இவ்விடையைக் கேட்கும்போதெல்லாம் நாம் சிரித்து மழுப்பிவிடுகிறோம். நாமும் அவ்வழியே வந்தவர்தாம். பத்தாம் வகுப்பில் ஒருநாள் கரும்பலகைமுன் சுண்ணக்கட்டியோடு நின்றுகொண்டு, சமக்குறியின் இந்தப் பக்கத்து எண் அந்தப் பக்கம் போனால் கூட்டல் ஏன் கழித்தலாகிறது என்று கேட்டோம். "கேட்காதே, போடு" என்பது விடையாக வந்தது. விடையைத் தொடர்ந்து பிரம்பும் வந்தது. அடுத்த பாடவேளை தமிழ். அங்கே ஒரு குறளுக்குப் பொருள் பிடிபடவில்லை என்று எழுந்தபோது, பரிமேலழகர் ஒருவாறு உரைப்பார், மணக்குடவர் வேறொருவாறு உரைப்பார், உனக்கு எது சரியென்று படுகிறது என்று திருப்பிக் கேட்டார்கள். அன்றே நம் வாழ்க்கை தீர்மானமாகிவிட்டது. கேள்விக்கு இடமுள்ள வீடு தமிழ், இடமில்லாத வீடு கணக்கு என்று பதினைந்து வயதில் முடிவு கட்டினோம்.

அம்முடிவு தலைகீழானது என்று தெரிய இன்னொரு முப்பது ஆண்டு பிடித்தது. அதைத் தெரிவித்தவர்கள் தா.பழூரில் நம் வீட்டுத் திண்ணையில் ஞாயிறுதோறும் கூடும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள்.

கணக்கு வகுப்பைச் சுவையாக்குவது எப்படி என்ற பேச்சு இன்று எங்கும் கேட்கிறது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்புக்காகக் கணிதக் கல்வி பற்றி ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர், சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். இராமானுஜம். பெரும்பான்மைக் குழந்தைகளிடம் கணக்கைப் பற்றிய அச்சமும் தோல்வியுணர்வும் மண்டிக்கிடப்பதையே அக்குழு முதற்குறையாகச் சுட்டியது. குழந்தைகள் கணக்கை அஞ்சாமல் விரும்பிக் கற்க வேண்டும் என்பதைக் குறிக்கோளாகவும் வைத்தது. தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் வந்தது. கொரோனா கால இடைவெளிக்குப் பின் 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காக 'எண்ணும் எழுத்தும்' வந்தது. பாடலும் ஆடலும் கைவேலையுமாகச் சின்ன வகுப்புகள் கலகலப்பாவதை நாமும் கண்டு மகிழ்ந்திருக்கிறோம். ஆயினும் அச்சம் குடியேறும் இடம் அதுவன்று. பின்னங்களில் தொடங்கி இயற்கணிதத்தில் முற்றும் நோய் அது. அந்த வயதுப் பிள்ளைக்குப் பாட்டும் படமும் காட்டிச் சுவையூட்டுவது, கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துத் தருவதுபோல. பிள்ளை தேனை நக்கிவிட்டு மருந்தைத் துப்பிவிடும். மருந்து கசப்பென்று நாமே ஒப்புக்கொண்டதாகவும் ஆகிவிடுகிறது.

திண்ணைக்கு வருவோம். அரியலூர் மாவட்டத்தின் தென்கிழக்கில், கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கிறது நம் ஊர். மதனத்தூர்ப் பாலம் ஏறி நீலத்தநல்லூரில் இறங்கினால் கும்பகோணத்துச் சாலை. ஞாயிறு காலையில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குப் பிழையின்றித் தமிழ் எழுதப் பழக்கலாம் என்றுதான் அழைத்தோம். அவர்கள் கணக்கு நோட்டோடு வந்தார்கள். நமக்கோ அது ஆகாத வித்தை. பக்கத்து ஊரில் கணக்கு ஆசிரியராக இருக்கும் நண்பரைத் துணைக்கு அழைத்தோம். அவர் வரப் பிந்திய ஒரு ஞாயிறன்று, பொழுதைப் போக்கும் பொருட்டு, செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைக் காணும் அந்தப் புகழ்பெற்ற பழம்பாட்டைச் சொல்லிக்கொடுத்தோம்.

வாசகர் பலர் அப்பாட்டை அறிவர். போதையனார் என்னும் பெயரில் அது ஊர் சுற்றுகிறது. எந்த ஏட்டில் எந்தப் பக்கம் என்று, அதைப் பரப்புகிறவர்கள் சொல்வதில்லை. பாட்டின் கருத்து எளியது. நெடும்பக்கத்தை எட்டாகப் பகுத்து ஒரு பகுதியைத் தள்ளு, எஞ்சியதோடு குறும்பக்கத்தில் பாதியைச் சேர், வருவது கர்ணம். வர்க்கம் வேண்டாம், வர்க்கமூலம் வேண்டாம். பிதாகரசுக்கு முன்பே தமிழன் கண்டது என்ற பெருமிதக் குறிப்பும் உடன் வரும். நாமும் கல்லூரி மேடைகளில் அதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியதுண்டு. சரிபார்த்ததில்லை. சரிபார்ப்பது நம் துறையன்று என்று எண்ணினோம்போலும்.

பிள்ளைகள் போட்டுப் பார்த்தார்கள். நான்கும் மூன்றும்: நான்கில் அரை போக மூன்றரை, அதோடு ஒன்றரை சேர்த்தால் ஐந்து. பன்னிரண்டும் ஐந்தும்: பன்னிரண்டில் ஒன்றரை போகப் பத்தரை, இரண்டரை சேர்த்தால் பதின்மூன்று. ஒரே ஆரவாரம். வாசலில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்து அளந்தும் பார்க்கலாம் என்றான் எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவன். அளவுநாடா வந்தது. பதினைந்தடிக்கு ஒரு கோடு, செங்குத்தாக எட்டடிக்கு ஒரு கோடு. பாட்டின்படி, பதினைந்தில் எட்டிலொரு பங்கு போக நான்கு சேர்த்தால் பதினேழும் அரைக்காலும் வர வேண்டும். நாடா பதினேழு என்றது.

அரைக்கால் அடி என்பது ஒன்றரை அங்குலம். "நாடா தொய்ந்திருக்கும், இழுத்துப் பிடி" என்றோம். இழுத்துப் பிடித்தான், பதினேழு. "கோடு கோணலாக இருக்கும்." மூலைமட்டம் கொண்டுவந்து வைத்துப் பார்த்தான், கோடு நேர்தான். மூன்றாம் முறை அளந்துவிட்டு நிமிர்ந்து, "அப்ப பாட்டு பொய்யாய்யா?" என்று கேட்டான்.

அந்த வெயிலில் நமக்கு முகம் சிவந்தது உண்மை. ஒரு பழந்தமிழ்ப் பாட்டைக் காப்பாற்ற நாடாவையும் கோட்டையும் குற்றவாளியாக்கினோமே என்ற நாணம் பிறகுதான் வந்தது. முப்பது ஆண்டுக்குமுன் நம்மிடம் "கேட்காதே, போடு" என்றவருக்கும் இன்றைய நமக்கும் இடையே பிரம்பு ஒன்றுதான் வேறுபாடு.

இதற்குள் நண்பர் வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்டுச் சிரித்தார். "பொய் இல்லடா, தோராயம். எங்கே சரியா வருது, எங்கே தப்புதுன்னு கண்டுபிடிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காப்பி கேட்டார். அதன்பின் அங்கே நிகழ்ந்ததைக் கலகலப்பு என்று சொன்னால் போதாது. இருபத்துநான்கும் ஏழும் எடுத்தவர்களுக்குப் பாட்டு இருபத்துநான்கரை தந்தது, உண்மையோ இருபத்தைந்து. அரை அடி குறைவு! முந்தைய கணக்கில் கூடியது, இதில் குறைகிறது, ஏன்? பத்தடிக்குப் பத்தடி அறையின் மூலைவிட்டம் பாட்டுப்படி பதின்மூன்றே முக்கால். அளந்தால் ஏறக்குறைய ஐந்து அங்குலம் கூடுதல். குறும்பக்கம் மிகக் குட்டையானால் குறைகிறது, நெடும்பக்கத்துக்கு இணையாக வளர்ந்தாலும் குறைகிறது, இடைப்பட்ட ஓரிடத்தில் கூடுகிறது என்று நண்பகலுக்குள் பட்டியல் போட்டுவிட்டார்கள். சாப்பிடக் கூப்பிட்ட தாய்மார்களுக்குப் பதில் இல்லை.

முடித்துவைத்தவள் பத்தாம் வகுப்புப் பெண். நெடும்பக்கத்தை ஒன்று என்றும் குறும்பக்கத்தை எக்ஸ் என்றும் கொண்டு, பாட்டின் விடையையும் பிதாகரசின் விடையையும் சமன்செய்து, வந்த இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தாள். வெளியே தேர்வுக்காக மனனம் செய்யும் அதே சூத்திரம்தான். இரண்டு விடைகள் வந்தன: நான்கில் மூன்று, பன்னிரண்டில் ஐந்து. அதாவது உலகத்திலுள்ள எண்ணற்ற செங்கோண முக்கோண வடிவங்களுள் இரண்டே இரண்டுக்கு மட்டும் பாட்டு மிகச் சரி. அவ்விரண்டும் நாம் முதலில் போட்டுப் பார்த்துக் கைதட்டியவை. நான்கு மூன்று ஐந்தும், பன்னிரண்டு ஐந்து பதின்மூன்றும் எல்லார் நாவிலும் இருப்பவை. எல்லாரும் அவற்றைத்தான் போட்டுப் பார்க்கிறார்கள். எல்லாரும் ஏமாறுகிறார்கள், அல்லது மகிழ்கிறார்கள். அவள் அந்தச் சமன்பாட்டை நமக்கு இரண்டு முறை விளக்கினாள். இரண்டாம் முறை, எண் பக்கம் மாறுகையில் குறி ஏன் மாறுகிறது என்று நாம் கேட்டோம். "மாறலைங்கய்யா. ரெண்டு பக்கமும் ஒரே எண்ணைக் கழிக்கிறோம், அவ்வளவுதான். தராசு மாதிரி." நாற்பத்தைந்து வயதில் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து நாம் பெற்ற விடை இது.

இங்கேதான் நம் பழைய முடிவு கவிழ்ந்தது. தமிழ் வகுப்பில் ஐயத்துக்கு இடமுண்டு. ஆனால் தீர்ப்பு எளிதில் வாராது. பரிமேலழகரோடு முரண்படும் மாணவன் கடைசியில் யாரேனும் ஒரு பெரியவரின் நிழலில்தான் ஒதுங்க வேண்டும். கணக்கில் அப்படியில்லை. எட்டாம் வகுப்புச் சிறுவன் நாடாவை இழுத்துப் பிடித்தால் பேராசிரியரையும் பழம்பாட்டையும் ஒருங்கே மறுத்துவிடலாம்; ஐந்து நிமிடம் போதும், யாருடைய சிபாரிசும் வேண்டாம். வயது, சாதி, பட்டம் எதையும் கேட்காத நியாயமன்றம் அது. அந்த உரிமையைப் பிள்ளையிடமிருந்து பறித்துக்கொண்டு, "சூத்திரத்தைப் போடு, சென்டம் வாங்கு" என்று சொல்லிவிட்டு, பின்பு வகுப்பு ஏன் சலிப்பூட்டுகிறது என்று வியக்கிறோம். பாடத்தின் உயிர் எங்கிருந்ததோ அதை எடுத்துவிட்டு, உடம்புக்குச் சட்டை தைக்கிறோம்.

பழைய திண்ணைப் பள்ளிகளில் கணக்கு எவ்வளவு உயிரோட்டமாக இருந்தது என்று நம்மவர் சிலர் பெருமூச்சு விடுவதுண்டு. பாதி உண்மை. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்று பிள்ளைகள் உரக்க ஒப்பித்துக் கற்றார்கள். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு, காணி என்றால் எண்பதில் ஒரு பங்கு, மா என்றால் இருபதில் ஒரு பங்கு. காவிரிப் படுகையில் இருபது மா நிலம் ஒரு வேலி. பின்னத்தின் பெயரே வயலின் பெயர். மாவும் காணியும் வரப்பில் கிடக்கும்போது பின்னத்தைக் கண்டு யார் அஞ்சுவர்? இக்கணக்கு மரபை ஆராய்ந்து டி. செந்தில் பாபு 2022இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல், மனனம் என்பது வெறும் ஒப்பித்தலாக இராமல் கற்றலின் முறையாகவே இருந்ததை விளக்குகிறது. எழும்பூர் அனாதைகள் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதிப் பழகும் நம் பிள்ளைகளைக் கண்டு, மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையை 1797இல் இலண்டனில் நூலாக்கி, அது 'மதராஸ் முறை' என்று இங்கிலாந்தில் பரவிய கதையும் உண்டு. ஆனால் அத்திண்ணையில் பிரம்பும் இருந்தது, கோதண்டமும் இருந்தது. பெண்பிள்ளைக்கும் சேரிப்பிள்ளைக்கும் பெரும்பாலும் இடமே இல்லை. அவர்களுடைய உழைப்பை அளக்கும் மரக்காலைப் பற்றிய கணக்கைக் கணக்குப்பிள்ளையின் மகன் கற்றான். இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்த அந்தப் பெண் அன்று திண்ணைக்குக் கீழே கூட நின்றிருக்க முடியாது. ஆகவே பெருமூச்சை அளந்து விடுவது நல்லது.

அம்மரபின் நூல்களைக் கொண்டாட வேண்டுமானால் வேறு வழி உண்டு. காரி நாயனாரின் கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ணும் வழி ஒன்று கூறப்படுகிறது. காம்பருகே உள்ள சிறுமுள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். ஆனி மாதத்தில் ஒரு பழம் வாங்கி வந்தோம். 'காம்பருகே' என்பது எதுவரை என்பதில் முதல் சண்டை. ஒருவர் எண்ணிய முள் அடுத்தவர் எண்ணிக்கையில் வரவில்லை. ஒரே பழத்துக்கு இரண்டு விடைகள். "அஞ்சால வகுத்தா மீதி வருதே, அரைச்சுளை ஏதுங்கய்யா?" என்றாள் ஒருத்தி. பழத்தை அறுத்து எண்ணியபோது இரண்டு விடைகளும் பொருந்தவில்லை. ஒரு பழம் பொருந்தாததால் சூத்திரம் தவறென்று ஆகுமா, எத்தனை பழம் வேண்டும் என்று அடுத்த விவாதம் எழுந்தது. வரையறை என்றால் என்ன, சான்று என்றால் என்ன என்னும் இரண்டு பெரிய பாடங்களைப் பிசுபிசுத்த விரல்களோடு அவர்கள் தாமே தொட்டுவிட்டார்கள். கணக்கதிகாரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் பதிப்பித்திருக்கிறது. தமிழ்த்துறைகளில் அதை எத்தனை பேர் பாடமாக வைத்திருக்கிறோம்? வைத்தாலும் சொற்பொருள் கூறிக் கடந்துவிடுவோம். பழம் வாங்குவதில்லை.

கேள்வியால் வகுப்பை நடத்தியவர் ஒருவர் நம் காலத்திலேயே வாழ்ந்தார். சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணக்கு ஆசிரியர் பி.கே. சீனிவாசன் (1924–2005). நாட்காட்டித் தாள் ஒன்றை வைத்தே மணிக்கணக்கில் எண் விந்தைகளைப் பிள்ளைகளைக் கொண்டு கண்டுபிடிக்கவைப்பார். சீனிவாச இராமானுஜனின் கடிதங்களையும், அவரோடு பழகியவர்களின் நினைவுகளையும் தேடித் திரட்டி 1968இல் நூலாக வெளியிட்டவரும் அவரே. கணித மேதையின் வரலாற்றைக் காப்பாற்றியதில் ஒரு பள்ளி ஆசிரியருக்கு இவ்வளவு பங்கு இருப்பதைப் பலர் அறியார். 1993இல் இராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் உருவாக முன்னின்றார்.

அந்த இராமானுஜன் நமக்குப் பாலத்துக்கு அப்பால்தான் வளர்ந்தார். கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் அவர் படித்தபோது நடந்ததாக ஒரு செய்தி சொல்லப்படுகிறது. எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று என்று ஆசிரியர் விளக்க, பழத்தை ஆளுக்கொன்றாகப் பகிரும் உதாரணமும் காட்டினாராம். பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தாலும் ஒன்றுதானா என்று சிறுவன் எழுந்து கேட்டானாம். 1904இல் கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்து, கணக்கிலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் உதவித்தொகையை இழந்தார். (இருபதாண்டுக்கு மேல் அங்கே தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் 1903இல் சென்னைக்கு மாறிவிட்டார். ஓராண்டு பொறுத்திருந்தால் ஏட்டுச்சுவடியும் எண்சுவடியும் ஒரே நடையில் எதிர்ப்பட்டிருக்குமே என்று நாம் எண்ணிக்கொள்வதுண்டு.) தமிழ் எடுத்தவன் கணக்குக்கு அஞ்சி ஓடிவந்தவன் என்றும், கணக்கு எடுத்தவன் மற்றதெல்லாம் தோற்கலாம் என்றும் பிரித்துவைத்த வேலி அன்றே நடப்பட்டிருந்தது.

கணக்கு நண்பர் இக்கட்டுரையின் முதற்படியைப் படித்துவிட்டுச் சொன்னதையும் மறைக்காமல் எழுத வேண்டும். "ஞாயித்துக்கிழமை பன்னெண்டு புள்ளைங்கள வச்சிக்கிட்டு நானும் இப்படிப் பண்ணலாம். திங்கக்கிழமை அம்பது பேரு, நாப்பது நிமிஷம், முடிக்காத பாடம் ஆறு. உங்க பாட்ட வச்சி ரெண்டு வாரம் ஓட்டுனா, ரிசல்ட் வந்தப்ப யாரு பதில் சொல்றது?" இதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. தேர்ச்சி விழுக்காட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியரைக் கேள்வி கேட்கிற அமைப்பு, அந்த ஆசிரியர் மாணவனைக் கேள்வி கேட்கவிடுவார் என்று எதிர்பார்ப்பது அநியாயம். வாரத்தில் ஒரு பாடவேளையேனும் தேர்வில் வாராத ஒன்றைச் சோதித்துப் பார்க்க ஒதுக்கலாமே என்றோம். அந்த ஒரு பாடவேளையைத் தமிழாசிரியர் தரட்டுமே என்றார் அவர். விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, நமக்கு அது மிகச் சரியான யோசனையாகப் படுகிறது. பாட்டு எங்களுடையது, சோதனை அவர்களுடையது. அரியலூர் மாவட்டத்துப் பள்ளியொன்றில் ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகல் இரண்டு ஆசிரியரும் ஒரே வகுப்பில் நிற்கட்டும். தமிழாசிரியர் தோற்றுக்காட்டட்டும். நாம் ஆயத்தம்.

சென்ற ஞாயிறன்று நம் தெருவில் ஒரு வீட்டுக்குக் கடைக்கால் போட்டுக்கொண்டிருந்தார்கள். கொத்தனார் மூலையில் முளையடித்து, ஒரு நூலில் மூன்றடி, மறு நூலில் நான்கடி குறித்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று மட்டம் பார்த்தார். எங்கள் கூட்டம் அங்கே நகர்ந்துவிட்டது. பெரிய வீடென்றால் ஆறு, எட்டு, பத்து வைப்பேன், பிசகு குறையும் என்றார் அவர். ஏன் குறையும் என்று தம்பி தொடங்கிவிட்டான். கொத்தனாருக்கும் பேச ஆள் கிடைத்த மகிழ்ச்சி.

திரும்பி வருகையில் ஆறாம் வகுப்புச் சிறுமி நம் கையைப் பிடித்துக்கொண்டாள். வாரம் முழுவதும் அவளை ஏதோ அரித்திருக்கிறது. "ஏணி சொவத்துல சாய்ஞ்சா ஏணிதானங்கய்யா கர்ணம்? சொவரோட ஒசரம் ஒண்ணுமே இல்லன்னா?"

"ஏணி தரையில் கிடக்கும், பாப்பா."

"அப்ப தரை எவ்வளவோ ஏணியும் அவ்வளவுதானே? ஆனா பாட்டுல எட்டுல ஒரு பங்கைத் தள்ளச் சொல்றாங்க. பாதி சேர்க்கறதுக்கும் ஒண்ணும் இல்ல. அந்த ஒரு பங்கு ஏணிய யாரு எடுத்துட்டுப் போனா?"